எருமையும் மின்பிறப்பாக்கியும்

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பதினொரு பேர் வேலை செய்த எங்கள் சிறிய நிறுவனத்துக்கு நான் ஒரு செயலி வாங்கினேன். தெமட்டகொடையில் இரண்டு அறைகளும் ஒரு தகரக் கொட்டகையுமாக இருந்த இடத்திலிருந்து, கொழும்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒன்றிரண்டு தனியார் வைத்தியசாலைகள், நகைக்கடைகள், குளிர்க் களஞ்சியங்கள் ஆகியவற்றின் மின்பிறப்பாக்கிகளைப் பராமரிப்பது எங்கள் தொழில். அதுவரை ஒவ்வொரு தொழில்நுட்பவியலாளரும் வேலை முடிந்ததும் மஞ்சள் காகிதத்தில் ஒரு ஜொப் கார்ட் நிரப்பி, வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்கி, மாலையில் அலுவலக மேசையில் போட்டுவிட்டுப் போவார். அந்த மஞ்சள் காகிதத்தைத்தான் நான் கைபேசிக்குள் கொண்டுவந்தேன். காகிதத்தில் இருபத்தாறு கட்டங்கள் இருந்தன. செயலியில் இடம் தாராளமாக இருந்தபடியால் அவை நாற்பத்து மூன்று ஆகின. எங்கள் விளம்பரத் தாளில் 'எண்ணிமமயமான சேவை' என்று ஒரு வரியும் ஏறியது. அந்த வரியை எழுதியவன் நானே என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆறு வாரங்கள் கழித்து ஒரு மாலை, சந்தியில் உள்ள தேநீர்க் கடையில் எங்கள் பையன்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்துக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அன்று முழுக்கப் பார்த்த இயந்திரங்களின் விபரங்களை அவர்கள் அங்கேதான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று கட்டங்களுக்கும் சரி போட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். "ஒரு பிளேன்டீ, சேர்" என்றான் ஒருவன், எவ்விதக் குற்ற உணர்வும் இல்லாமல். அவன் பொய் சொல்லவில்லை என்பதும், மஞ்சள் காகிதக் காலத்திலும் இதே கடையில் இதே வேலைதான் நடந்திருக்கிறது என்பதும் எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. முன்பு ஒரு பேனை தேவைப்பட்டது, இப்போது தேவைப்படவில்லை. செயலிக்கு நான் கொடுத்த பணத்தால் நிகழ்ந்த மாற்றம் அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ரே விஜேவர்த்தனவின் நினைவு அடிக்கடி வந்தது. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்று, 1950களில் நெல்வயலுக்கேற்ற இரு சக்கர உழவு இயந்திரமொன்றை உருவாக்கியவர் அவர். நொட்டிங்காமில் இருந்த லான்ட்மாஸ்டர் நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. நிறுவனத்தின் பெயரே இங்கு இயந்திரத்தின் பெயராகிவிட்டதால், வன்னியில் என் மாமா இன்றும் எந்த நாட்டு இரு சக்கர உழவு இயந்திரத்தையும் 'லான்ட்மாஸ்டர்' என்றுதான் சொல்வார். 1960களில் ஹார்வர்ட்டில் அந்த இயந்திரமயமாக்கலைப் பற்றி உரையாற்றியபோது, அவையோர் கேட்ட கேள்விகளின் முடிவில், தான் செய்ததெல்லாம் எருமையை இயந்திரமாக்கியது மட்டுமே, விளைச்சலும் மண்ணின் வளமும் அதனால் கூடிவிடவில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததாக விஜேவர்த்தனவே பிற்காலத்தில் சொல்லிவந்தார். எருமையாவது சாணம் போட்டது, பால் தந்தது, கன்றும் ஈன்றது.

இந்தக் கதையை நான் மாணவப் பருவத்திலேயே கேட்டிருந்தேன். பொறியியலாளர்கள் கூடும் இடங்களில் அதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஆனால் சிரிப்பு அடங்கியபின் எஞ்சுவது, அவையோரின் அந்தக் கேள்விகளை எதிர்கொண்டபிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான். விற்பனையில் வெற்றிபெற்ற ஒரு பொருளின் தந்தை என்ற பெயரோடு வாழ்நாள் முழுக்க மேடைகளில் உட்கார்ந்திருக்க அவரால் முடிந்திருக்கும். அவரோ நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பவலய விவசாய ஆய்வு நிறுவனத்துக்குப் போய், மண்ணை உழாமலே பயிரிடும் முறைகளில் வேலை செய்தார்; நாடு திரும்பியபின் சரிவு நிலங்களில் கிளிரிசீடியா வரிசைகளை நட்டு மண்ணைக் காப்பதைப் பற்றியும், அதே மரத்தை எரித்து மின்சாரம் எடுப்பதைப் பற்றியும் பேசினார். உழவு இயந்திரம் செய்தவர் உழவே வேண்டாம் என்றதை எத்தனை பேர் விரும்பியிருப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கோ, பதினொரு பேருக்காக வாங்கிய ஒரு செயலியைத் தவறு என்று ஒப்புக்கொள்ளவே இரண்டு வருடங்கள் சென்றன. அந்த இரண்டு வருடங்களில் பெரும்பகுதியும் நாங்கள் வளர்ந்துகொண்டிருந்தோம் என்பதுதான் அதற்குக் காரணம்.

2022 பெப்ரவரியில் மின்வெட்டுத் தொடங்கியது. மார்ச் மாதக் கடைசியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாகியது. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. வருடத் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபா, அதுவும் கிடைத்தால். கொழும்பில் யாருடைய தொழிலும் ஓடாத அந்த மாதங்களில் எங்கள் தொலைபேசி ஓயவில்லை. வருடத்துக்கு ஐம்பது மணித்தியாலம் ஓடுவதற்கென்று வாங்கி வைக்கப்பட்ட இயந்திரங்கள் ஒரு வாரத்தில் அதைவிட அதிகம் ஓடின. பதினொரு பேர் பதினெட்டாகி, பிறகு இருபத்தாறு ஆனார்கள். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாகம் ஒன்றுக்காகக் காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்று, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிவந்தோம். என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, நெருக்கடியில் வளர்ந்த தொழில் முயற்சியாளன் என்று அறிமுகம் செய்தார்கள். நானும் தலைமைத்துவம் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அந்தப் பேச்சின் குறிப்புகள் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. அவற்றில் மழையைப் பற்றியோ டீசல் கப்பலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைந்ததும், கப்பலுக்குக் கட்ட நாட்டிடம் டொலர் இல்லாமற் போனதும்தான் எங்கள் வளர்ச்சியின் இரு கால்கள். என் திறமை அதில் எங்கே இருந்தது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் கோபித்திருப்பேன்.

அந்த மிதப்பில் நான் செய்த பெரிய பிழை, ஜூலை மாதத்தில் ஆறு புதிய மின்பிறப்பாக்கிகளைக் கடனுக்கு வாங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் இடைத்தரகர் கேட்டதே விலை. மின்வெட்டு இன்னும் பல வருடங்கள் நீடிக்கும் என்று நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால், நீடிக்க வேண்டும் என்று விரும்பினேன். நாடு இருட்டில் இருப்பதை விரும்பும் இடத்துக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்துகிற வளர்ச்சியைப் பற்றி முகாமைத்துவ வகுப்புகளில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. 2023 பெப்ரவரியில் மின் கட்டணம் 66 சதவீதம் கூட்டப்பட்டது, அத்தோடு அன்றாட மின்வெட்டும் நின்றது. ஆறு இயந்திரங்களில் நான்கு கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தன. பையன்கள் தாமாகவே குறைந்தார்கள்: 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போன நாடு இது, எங்களிடமிருந்தும் இருவர் கட்டாருக்கும் ஒருவன் ருமேனியாவுக்கும் போனார்கள். மிகுதியில் சிலரை நான் அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

வேலை குறைந்த அந்த மாதங்களில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மின்வெட்டு நின்றபின் முறைப்பாடுகளும் குறையும் என்று நினைத்தேன், மாறாகக் கூடின. எப்போதாவது அரை மணித்தியாலம் மின்சாரம் போகும், இயந்திரம் ஸ்டார்ட் ஆகாது, வாடிக்கையாளர் கத்துவார். நாங்கள் மாதம் தவறாமல் போய்ப் பார்த்து, நாற்பத்து மூன்று கட்டங்களுக்கும் சரி போட்ட இயந்திரங்கள் அவை.

எங்களிடம் அப்போது பதினான்கு வருடங்களாக வேலை செய்துவந்த ஒருவர் இருந்தார். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தொழிற்சாலை எஞ்சின் அறையில் தொழில் பழகி, பின்னர் கொழும்புக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணே'தான். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த என் வாயிலும் 'அண்ணை' அவருக்கு மட்டும் 'அண்ணே' ஆகிவிட்டது. (அவருடைய ஊருக்கு அருகில் உள்ள நோர்ட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயர். லக்சபானத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை அந்தப் பொறியியலாளர் 1918 இல் ஆய்வுக் கட்டுரையாகவே வாசித்தார். அங்கே முதல் மின்நிலையம் இயங்கியது 1950 இல். அவரைத் தீர்க்கதரிசி என்று எல்லோரும் புகழ்கிறார்கள். மின்சாரத்தை யார் எதற்காக வாங்குவார்கள் என்ற பொருளாதாரக் கணக்கையும் அவர் அந்தக் கட்டுரையிலேயே போட்டிருந்தார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.)

ஒரு முறைப்பாட்டின்போது எரிச்சலில், இது ஏன்தான் இப்படி நடக்கிறது என்று சத்தமாகக் கேட்டேன். அண்ணே தன் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். 2014 இலிருந்து, தான் போன இடங்களில் ஸ்டார்ட் ஆகாமல் நின்ற இயந்திரங்களை மட்டும் அதில் எழுதி வைத்திருந்தார். திகதி, இடம், என்ன நடந்தது, கடைசி நிரலில் ஏன் நடந்தது. நன்றாக ஓடிய இயந்திரங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இவ்வளவு காலமும் இதை ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே சேர். நீங்க கேட்டது மஞ்சத் தாளு" என்றார்.

இரண்டு இரவுகள் அந்தக் கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் காரணம் பற்றரி. அதற்கடுத்தது, கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சுவிட்ச், மின்சாரம் போனதும் இயந்திரம் தானாக ஸ்டார்ட் ஆகும் 'ஓட்டோ' நிலையில் விடப்படாதது. பிறகுதான் டீசலும் மற்றவையும். பெரிய இயந்திரக் கோளாறு என்று சொல்லக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இதில் புதிய அறிவியல் எதுவுமில்லை. மின்பிறப்பாக்கித் தொழிலில் உள்ள எவரும் பற்றரிதான் முதல் எதிரி என்று சொல்வார்கள். ஆனால் எங்கள் நகரத்தில், எங்கள் இயந்திரங்களில், அது எப்படி நிகழ்கிறது என்பது அந்தக் கொப்பியில் மட்டுமே இருந்தது.

ஈயப் பற்றரியின் சுற்றுவெப்பம் பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். கொழும்பு அடுக்குமாடிகளின் நிலக்கீழ் அறைகளில், இயந்திரத்தின் ரேடியேட்டருக்கு முன்னாலேயே பற்றரியை வைக்கும் பழக்கம் உண்டு, இடம் அங்கேதான் இருக்கிறது என்பதற்காக. 2022 இல் இயந்திரங்கள் தினமும் ஓடியதால் பற்றரிகளும் தினமும் ஏறின, அவற்றின் பலவீனம் வெளியே தெரியவில்லை. 2023 இல் இயந்திரங்கள் சும்மா நின்றன. பற்றரிகள் சும்மா இருந்தே செத்தன. ஓய்வுநிலையில் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும் பற்றரி, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதை நம்ப முடியாது. எங்கள் செயலி கேட்டதோ ஓய்வுநிலை அளவை. டீசலிலும் அதே கதைதான்: பஞ்சகாலத்தில் வரிசையில் நின்று வாங்கிப் பீப்பாய்களில் பதுக்கிய எண்ணெயில் நீர் படிந்து, நீரில் கிருமி வளர்ந்து, ஒரு வருடம் கழித்துப் பில்ட்டரை அடைத்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துக் கட்டடங்களில் ரேடியேட்டர் தகடுகளை உப்புக் காற்று தின்றிருந்ததையும் அண்ணே தெருவாரியாகக் குறித்திருந்தார். காலி வீதிக்கு மேற்கே ஒரு கணக்கு, கிழக்கே வேறு கணக்கு.

இன்னொன்றும் அதில் இருந்தது, எங்களையே குற்றஞ்சாட்டுவதாக. மாதாமாதம் நாங்கள் செய்த பரிசோதனை என்பது, இயந்திரத்தைச் சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது. டீசல் எஞ்சின் தன் கொள்ளளவில் 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் அடிக்கடி ஓடினால், எரியாத எரிபொருளும் கரியும் புகைப்போக்கியில் ஈரப் பசையாகப் படியும். நாங்கள் பராமரிப்பு என்று எண்ணிப் பணம் வாங்கிச் செய்த வேலை, சில இயந்திரங்களை மெதுவாகக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு நாங்கள் செய்ததைப் புத்தாக்கம் என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் புதிய பொருள் எதுவும் அதில் இல்லை. நாங்கள் மாற்றியது ஒப்பந்தத்தை. அதுவரை வாடிக்கையாளர் எங்கள் வருகைக்குப் பணம் கொடுத்தார். எத்தனை தடவை போனோமோ அத்தனை கட்டணம். புதிய ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒரு தொகை, எத்தனை தடவை போவது என்பது எங்கள் பாடு. ஆனால் மின்சாரம் போகும் நேரத்தில் இயந்திரம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்போம். பற்றரி நல்லதோ கெட்டதோ, மூன்றாவது வருடம் மாற்றுவோம், அதை வெப்பத்திலிருந்து தள்ளி வைப்போம். காலாண்டுக்கு ஒரு தடவை, மின்சாரத்தை இழுத்துச் சுமையாக நிற்கும் சுமைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இயந்திரத்தை உண்மையான சுமையில் ஒரு மணித்தியாலம் ஓட்டுவோம்.

எங்கள் கணக்காளர் இதைப் பார்த்து, இது பராமரிப்பு நிறுவனமா காப்புறுதி நிறுவனமா என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்விதான். முதல் வருடத்தில் நாங்கள் நட்டப்பட்டோம். டொலர் ஏறியபின் பற்றரி விலை சாதாரணமானதல்ல. சில குடியிருப்பு முகாமைக் குழுக்கள், சும்மா ஒரு மணித்தியாலம் டீசல் எரிப்பதா என்று சுமைப் பரிசோதனைக்கு மறுத்தன. பழைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறோம் என்றும் சிலர் சொன்னார்கள். அவர்களையும் விட்டுவிடாமல் வைத்திருக்கிறேன், கொள்கை வீரனாக இருக்க எனக்கு வசதி போதாது. ஆனால் புதிய ஒப்பந்தத்துக்கு வந்த இடங்களில், பையன்களின் பேச்சு மாறியதை நான் கவனித்தேன். முன்பு மாலையில் 'எத்தனை இடம் முடித்தாய்' என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். இப்போது எந்த இடத்தில் பற்றரி சரியில்லை, யார் அதைக் கண்டது என்பதுதான் பேச்சு. நான் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. பணம் எதற்கு வருகிறது என்பது மாறியது, அவ்வளவே. திங்கள் காலைக் கூட்டத்தில் அண்ணேயின் கொப்பியைப் போலவே பழுதுகளை மட்டும் வாசிப்பது என்று வைத்தோம். முதல் திங்களில் முதல் பழுதாக, தார்ப்பாய்க்குள் கிடந்த நான்கு இயந்திரங்களை நானே எழுதி வாசித்தேன், ஏன் என்ற நிரலையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முழு நாட்டிலும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதை உலகமே எடுத்துச் சிரித்தது. சிரிப்பில் மறைந்துபோனது, ஓர் உப மின்நிலையத்துக் கோளாறு நாட்டையே ஏன் வீழ்த்தியது என்பது. ஞாயிறு முற்பகலில் மின் தேவை குறைவு, வெயில் அதிகம். தேவையின் பெரியதொரு பங்கைச் சூரியப் படலங்கள் கொடுத்துக்கொண்டிருந்தன. சுழலும் கனமான டர்பைன்கள் குறைவாக இருக்கும் வலையமைப்பில் அதிர்வெண் சரிந்தால் அதைத் தாங்கிப் பிடிக்கும் சுழலுந்தம் போதாது. எங்கள் தொழிலும் மெல்ல அந்தத் திசையில்தான் போகும், இன்வேர்ட்டரும் லித்தியம் பற்றரியும் வந்து டீசலின் இடத்தைப் பிடிக்கும். அதற்கும் ஒரு கொப்பி தேவைப்படும். அது வேறு கட்டுரைக்கான விடயம்.

அன்று புதிய ஒப்பந்தத்தில் இருந்த இடங்களில் மூன்று இயந்திரங்கள் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டில் பற்றரி சார்ஜர் எரிந்திருந்தது. மூன்றாவது பம்பலப்பிட்டியில் ஒரு குடியிருப்பு. அங்கிருந்து வாடிக்கையாளர் அழைப்பதற்கு முன்னரே எங்கள் பையன் ஒருவன், வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவன், எனக்கு அழைத்தான். "சேர், வெள்ளிக்கிழமை நான்தான் அங்க சேர்விஸ் பண்ணினேன். சுவிட்சை ஓட்டோல விட்டனா எண்டு எனக்கு ஞாபகம் இல்ல" என்றான். நான் செய்த முதல் வேலை அவனைத் திட்டியது. தலைமைத்துவம் பற்றி இருபது நிமிடம் பேசியவன், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் என்னென்ன சொற்களைப் பயன்படுத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் போய்ச் சுவிட்சைத் திருப்பினான். பதினேழாவது மாடியில் ஒரு மூதாட்டி ஒட்சிசன் இயந்திரத்தோடு இருந்தார் என்பதும், அவரிடம் நல்லவேளையாகச் சிலிண்டர் ஒன்றும் இருந்தது என்பதும் பின்னர் தெரிந்தது.

அண்ணே அதற்கு முந்திய வருடமே ஓய்வுபெற்று நோர்வூட்டுக்குப் போயிருந்தார். அன்றிரவு தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் என் கோபத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் இருந்த தன் கொப்பியில் பதினோராம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். 2015 இல் அதே போன்றதொரு சுவிட்சை அதே மாதிரி விட்டுவிட்டு வந்த ஒருவருடைய பதிவு அங்கே இருந்தது. இடம் தெஹிவளை, 'ஏன்' என்ற நிரலில் 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பழுதை அவனையே வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்தபின், வேலை முடிந்து வெளியேறும்போது கட்டுப்பாட்டுப் பலகையை ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும் என்ற யோசனையையும் அவனே சொன்னான். அந்தக் கிழமையே செயலி செய்து தந்தவர்களிடம் போய், நாற்பத்து மூன்று கட்டங்களையும் எடுத்துவிட்டு மூன்றை மட்டும் வைக்கச் சொன்னேன்: ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பற்றரி வோல்ட், டீசல் மட்டம், சுவிட்சின் படம். இவ்வளவு சின்னதாக்குவதற்கா பணம் தருகிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

புதிய முறையில் வந்த முதல் படம் அவனுடையதுதான். கட்டுப்பாட்டுப் பலகை தெளிவாக இருந்தது, திகதியும் நேரமும் சரியாக இருந்தன, சுவிட்சை மட்டும் அவனுடைய கட்டைவிரல் முழுதாக மறைத்திருந்தது. திரும்பவும் எடுத்து அனுப்பச் சொன்னேன்.